எட்டுச் சிப்பி

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் நாலு மில்லி குட்டை. இதில் உட்காருங்கள்.

சுபாஷிணியைப் பற்றி விசாரிக்க வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். ஓசூரில் உங்கள் ஃபேக்டரியில் டிசைன் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், இங்கே நாலு வருஷம் இருந்ததாகச் சொல்லியிருக்கிறாள், சரியா என்று கேட்கிறீர்கள். சரியில்லை. மூன்று வருஷம், பதினொரு மாதம், ஆறு நாள். நாலு வருஷம் என்று எழுதுகிறவள் படத்தில் என்ன எழுதுவாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலாளி தனபாலன் ஊரில் இல்லை. இருந்தாலும் உங்களை என்னிடம்தான் அனுப்பியிருப்பார். என் பெயர் ஆறுக்குட்டி. செக்கிங் வேலை. படிப்பு ஐந்தாவது. இந்தப் பட்டறைக்கு வந்து நாற்பத்தாறு வருஷம் ஆகிறது. இங்கிருந்து வெளியே போகிற எந்தச் சாமானும் நான் அளந்து பார்க்காமல் போனதில்லை. எனக்கு அதிகம் பேச வராது சார். புது ஆட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஏன் நின்றுவிட்டாள் என்று கேட்டீர்கள். அவள் நிற்கவில்லை. நாங்கள் நிறுத்தினோம்.

சொல்கிறேன். நாங்கள் பேட்டர்ன் செய்கிறவர்கள். ஃபவுண்டரியில் மணலில் அச்சு எடுத்து இரும்பை உருக்கி ஊற்றுகிறார்கள் அல்லவா, அந்த அச்சுக்கு முதலில் மரத்தில் ஓர் உருவம் வேண்டும். அதுதான் பேட்டர்ன். முன்பெல்லாம் உளி, இழைப்புளி. இப்போது கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் மெஷின் குடைந்து தருகிறது. கோயமுத்தூரில் பழைய பம்பு கம்பெனிக்காரர்கள் முப்பது வருஷத்துப் பேட்டர்னைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, "இதே மாதிரி புதுசு ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பார்கள். பார்த்தால் மூலை தேய்ந்திருக்கும், ஒரு பக்கம் பூச்சி அரித்திருக்கும். நாங்கள் நல்லாயிருக்கிற பாதியை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் அந்தப் பாதியைக் கண்ணாடியில் காட்டியது போலத் திருப்பிப் போட்டால் மற்ற பாதி வந்துவிடும். பள்ளம் இருந்தால் அடைப்போம். இதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. தேய்ந்ததைத் தேய்ந்தபடியே செய்து கொடுத்தால் அதே லாரியில் திரும்பி வரும்.

இது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

போன ஆவணி பன்னிரண்டாம் தேதி ஹில்டா என்று ஓர் அம்மா வந்தாள். பசிபிக் கடலில் ஒரு தீவு. பெயர் சொன்னாள், எனக்கு மனசில் நிற்கவில்லை. இங்கே ஒரு காலேஜில் ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவள். கறுப்பாக, சுருட்டை முடியாக, நல்ல உயரமாக இருந்தாள். ஐந்தடி ஒன்பது இருக்கும். நான் நேராகப் பார்க்கவில்லை, கதவு நிலையை வைத்துச் சொல்கிறேன்.

அவர்கள் ஊரில் படகின் மூக்கில் ஒரு முகம் கட்டுவார்களாம். மரத்தில் செய்த முகம், தாடை நீண்டு, தாடைக்குக் கீழே இரண்டு கை. இரண்டு பக்கமும் முத்துச்சிப்பித் துண்டு பதித்திருக்கும். அவர்கள் ஊர் முகத்தை நூற்று இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பல்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது இப்போது எங்கேயோ ஒரு மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. இவர்கள் கேட்டார்கள். மியூசியக்காரர்கள் முகத்தைத் தரவில்லை. அதன் அளவைத் தந்தார்கள். லைட் அடித்துச் சுற்றிச் சுற்றி எடுத்து, கம்ப்யூட்டர் ஃபைலாகக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஃபைலையும் ஒரு மரக்கட்டையையும் ஒரு துணிப்பையையும் கொண்டுவந்தாள். கட்டை அவள் தீவிலிருந்து வந்தது. மருந்துப் புகை போட்ட சீட்டோடு, கப்பலில். ஒரே கட்டை. அந்த மரத்தை இப்போது வெட்ட விடுவதில்லையாம், காற்றில் விழுந்ததை ஊர் கூடிக் கொடுத்ததாம். துணிப்பையில் சிப்பித் துண்டுகள். நான் கொட்டி எண்ணினேன். எழுபத்து நாலு.

ஹில்டா அம்மா இங்கிலீஷில் பேசினாள். சுபாஷிணிதான் தமிழில் சொன்னாள். "எதையும் மாத்தாமச் செய்யோணும்னு சொல்றாங்கய்யா. கார்த்திகைல புதுப்படகு இறக்கறாங்களாம். அதுக்குள்ள கொண்டு போயிரோணுமாம். அவங்க அம்மா அதுக்குத்தான் உசுரப் புடிச்சுட்டு இருக்காங்களாம்."

எதையும் மாற்றாமல் என்றுதான் எல்லாக் கஸ்டமரும் சொல்வார்கள் சார். சொன்னபடி செய்து கொடுத்தால் திட்டுவார்கள்.

டீ குடியுங்கள். ஆறினால் ஆடை கட்டிவிடும்.

சுபாஷிணி படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் சிப்பிக்கு நாற்பத்தொரு குழி, நாற்பத்தொன்றிலும் சிப்பி. வலது பக்கம் நாற்பத்தொரு குழி, ஆனால் முப்பத்து மூன்றில்தான் சிப்பி. எட்டு குழி காலி. காலி என்றால் சுத்தமான காலி இல்லை. ஒன்று ஆறு மில்லி ஆழம், ஒன்று பதினொன்று. ஒன்று வட்டம், ஒன்று தூண்டில் மாதிரி வளைந்திருக்கிறது, ஒன்றில் குறுக்கே மூன்று கீறல். ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லை. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சிப்பி உதிர்ந்த இடத்தில் எவனோ கத்தியால் நோண்டியிருக்கிறான். கப்பல்காரனின் பிள்ளைகளாக இருக்கும்.

"இடது பாதிய எடுத்துத் திருப்பிப் போடு" என்றேன்.

அவள் நகரவில்லை. "ஏனுங்கய்யா, அவங்க சிப்பி எழுவத்தி நாலுதானே குடுத்திருக்காங்க? நாப்பத்தொண்ணும் முப்பத்தி மூணும் எழுவத்தி நாலு. கணக்கு நேராத்தான் இருக்குது. அந்த எட்டும் காலியாவே இருக்கோணும் போலங்க."

என்னிடம் கணக்குச் சொல்கிறாள். "உதிர்ந்தது உதிர்ந்ததுதான் அம்மிணி. அவங்க ஊர்ல எண்ணத் தெரியாம மிச்சத்தை எடுத்துட்டு வந்திருக்கறாங்க."

"ஒரு வார்த்தை கேட்டுர்லாங்கய்யா. ஒரே நிமிஷம், ஃபோனைக் குடுங்க."

இங்கே எட்டரைக்கு எல்லாரும் ஃபோனை என் டிராயரில் வைத்துவிட வேண்டும். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் கொடுப்பேன். மெஷின் பக்கத்தில் ஃபோன் பார்த்து ஒருவனுக்கு விரல் போயிருக்கிறது, அதற்காக வைத்த விதி. நான் வைத்ததுதான். அப்போது மணி பதினொன்று இருபது. "ஒரு மணிக்கு வாங்கிக்கோ" என்றேன்.

"மெஷின் பதினொண்ணே முக்காலுக்கு ஓட்டறதா போர்டுல எழுதியிருக்குதுங்களே."

"ஆமா. எழுதியிருக்குது."

நீங்கள் கேட்கலாம், நீயே அந்த அம்மாவிடம் கேட்டிருக்கலாமே என்று. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரிந்தாலும் ஓர் அந்நிய ஸ்திரீயைக் கூப்பிட்டு, உங்கள் சாமான் ஏன் இப்படிப் பள்ளமும் மேடுமாக இருக்கிறது என்று எந்த வாயால் கேட்பது? நான் அப்படிப்பட்டவன் இல்லை. என் சம்சாரத்திடமே உப்புக் குறைகிறது என்று சொன்னதில்லை. முப்பத்தெட்டு வருஷம்.

சுபாஷிணி போய்ப் படத்தைத் திருப்பிப் போட்டு அச்செடுத்து வந்தாள். ஆனால் பாருங்கள், அந்தத் தாளில் எட்டு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தாள்: "இவை காலியாகவே இருக்க வேண்டுமா? ஹில்டா மேடத்திடம் கேட்ட பிறகு ஓட்டவும்." செக்கிங் தாளில் பென்சில் எழுத்து இருக்கக் கூடாது சார். மை மட்டும்தான். பென்சில் என்றால் யாரும் பிறகு மாற்றிவிடலாம், அதனால்தான் அந்த விதி. நானே ரப்பர் எடுத்து அழித்தேன். சுத்தமாக, தடம் தெரியாமல் அழித்தேன். அழித்துவிட்டு, "கையெழுத்துப் போடு" என்று மைப் பேனாவைக் கொடுத்தேன்.

தயங்கினாள். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். அப்பன் தறியில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறவன், தங்கச்சி காலேஜில் படிக்கிறாள், வீட்டுக்கு இவள் சம்பளம் ஒன்றுதான். அது எனக்குத் தெரியும். அதனால் கோபித்துக்கொள்ளவில்லை. அன்பாகத்தான் கேட்டேன். "முடியாதுன்னாச் சொல்லீரு அம்மிணி. நான் முதலாளிகிட்டச் சொல்லி வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

போட்டாள். எஸ். சுபாஷிணி. நேரம் பதினொன்று முப்பத்தெட்டு. அதையும் அவள் கையாலேயே எழுத வைத்தேன்.

மெஷின் ஓடியது. அறுபத்தொரு மணி நேரம். வந்து நின்றதும் அளந்தேன். நூற்று நாற்பது இடத்தில் அளந்தேன். படத்துக்கும் மரத்துக்கும் அதிகபட்ச வித்தியாசம் ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு. "அளவு படத்தின்படி சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அதற்குத்தான். படத்தின்படி சரி. படம் சரியா என்பது என் கட்டத்தில் இல்லை.

பிறகு சிப்பி பதிக்கிற வேலை. எண்பத்திரண்டு குழி, எழுபத்து நாலு சிப்பி. எட்டு குறைகிறது. நான் அதை அப்படியே விட்டிருக்கலாம் சார். எவனும் கேட்கப் போவதில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. வீட்டில் ஒரு சிப்பிக் கண்ணாடி இருந்தது, கன்னியாகுமரியில் வாங்கியது, சுற்றிலும் சிப்பி ஒட்டியது. என் சம்சாரம் அதைப் பார்த்துத்தான் பொட்டு வைப்பாள். அதிலிருந்து எட்டை நெம்பி எடுத்தேன். அவள் அன்றைக்கிலிருந்து பாத்ரூம் கண்ணாடியில் பார்த்து வைத்துக்கொள்கிறாள். கம்பெனி வேலைக்கு வீட்டுச் சாமானை எடுத்துக் கொடுக்கிறவன் எத்தனை பேர் இருப்பார்கள், சொல்லுங்கள். எட்டையும் அரத்தால் தேய்த்து, அந்த அம்மா கொடுத்த சிப்பியின் கனத்துக்கே கொண்டுவந்தேன். நானே உட்கார்ந்து எண்பத்திரண்டையும் பதித்தேன். இரண்டு டியூப் கலந்து ஒட்டுகிற பசை. ஒருமுறை பிடித்தால் சம்மட்டி போட்டாலும் வராது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்னியது. தராசுத் தட்டு மாதிரி. எங்கள் பட்டறையில் அதைவிடச் சுத்தமான வேலை நடந்ததில்லை. நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஹில்டா அம்மா எடுத்துப் போக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை விமானம். முதலாளியும் வந்து நின்றார். மேசையில் வைத்து, வெள்ளைத் துணி போர்த்தியிருந்தேன். துணியை முதலாளி எடுத்தார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் சந்தோஷம் என்று நினைத்தேன். சந்தோஷம்தான், முதலில். இடது பக்கத்தைத் தடவினாள், தாடையைத் தடவினாள், கன்னத்தை அதன் கன்னத்தில் வைத்தாள். பிறகு சுற்றி வலது பக்கம் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை நீட்டி, மேலே ஓர் இடத்தில் வைத்து ஒரு பெயர் சொன்னாள்.

விரல் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்து பார்த்தாள். இன்னோர் இடத்தில் வைத்தாள். இன்னொரு பெயரை ஆரம்பித்தாள், பாதியில் விட்டாள். எட்டு இடத்தில் வைத்தாள் சார். நான் எண்ணினேன். எட்டும் அந்தப் பள்ளம் இருந்த அதே இடங்கள். படத்தைப் பார்க்காமல், ஸ்கேல் இல்லாமல் வைத்தாள். கை அளவு நல்ல அளவு, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எட்டிலும் சிப்பி இருந்தது.

சுபாஷிணியைப் பார்த்து ஏதோ கேட்டாள். இவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், சுபாஷிணி அழுதுகொண்டே முதலாளிக்குச் சொன்னாள்.

"கடலுக்குப் போயி உடம்பு கெடைக்காமப் போனவங்களுக்கு ஒரு சிப்பிய எடுத்துருவாங்களாமுங்க. அந்தக் குழிய அவங்க வீட்டு ஆளே கையால கொடைவாங்களாம், அவரவருக்கு ஒரு மாதிரி. அதுதான் அவங்க சமாதிங்க. எட்டுப் பேருங்க. மூணு கீறல் போட்டது ஒருத்தரு, தூண்டில் மாதிரி இருந்தது ஒருத்தரு. ஊர்ல எல்லாருக்கும் பேரு மனப்பாடமாம். நூத்தி இருவது வருசமா முகம் இல்லாமயே சொல்லிட்டு இருக்காங்களாம்."

"அதுக்கென்ன, அந்த எட்டை எடுத்துட்டாப் போச்சு" என்றார் முதலாளி.

"குழி போயிருச்சுங்களே சார். எல்லாம் ஒரே மாதிரிக் குழியா ஆயிருச்சுங்களே." பிறகு இன்னொன்றும் சொன்னாள். "இவங்க தம்பி போன வருசம் படகோட போயிட்டாருங்க. ஒம்பதாவது குழி அவருக்கு. அவங்க அம்மா கையால கொடையறதுக்குத்தான் இத்தனையும். எட்டுப் பேரு பக்கத்துலதானுங்க அவரை வைக்க முடியும்."

எனக்கு இதில் ஒன்று விளங்கவே இல்லை சார், இன்றைக்கு வரை. செத்தவனுக்கு ஒன்றைக் கூட்டி வைப்பதுதானே மரியாதை? நாம் விளக்கு ஏற்றுகிறோம், கல் நடுகிறோம். எவனாவது செத்தவன் பேரில் இருக்கிறதைப் பிடுங்குவானா? எட்டு பேருக்கு எட்டு சிப்பி என் வீட்டிலிருந்து கொடுத்திருக்கிறேன். ஒரு நன்றி கிடையாது.

அந்த அம்மா மேசையில் இருந்த திருப்புளியை எடுத்தாள். முதலாளி தடுக்கப் போனார், சுபாஷிணி அவரைத் தடுத்தாள். முதல் சிப்பி சுலபமாக வந்துவிட்டது. காரணம் உண்டு. அந்த ஒன்றின் பின்பக்கம் கடைக்காரன் மஞ்சள் பெயின்ட்டில் ஊர் பெயர் எழுதியிருந்தான், நான் தேய்த்ததில் ஒரு எழுத்து மட்டும் நின்றுவிட்டது. பெயின்ட்டின் மேல் பசை பிடிக்காது. அது என் கவனக்குறைவு. ஒத்துக்கொள்கிறேன். எண்பத்திரண்டில் ஒன்று.

அந்த எழுத்தைக் காட்டி, இது என்ன என்று சுபாஷிணியிடம் கேட்டாள். இவளுக்குக் கொஞ்சம் புத்தி இருந்தால், அது எங்கள் ஊர் மங்கல எழுத்து, ஆசீர்வாதம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகப் போயிருக்கும். வீட்டுக் கண்ணாடியிலிருந்து நெம்பியதை நான்தான் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். இவள் சொன்னாள்: "டூரிஸ்ட் கடைல விக்கற கண்ணாடி." இங்கிலீஷில்தான் சொன்னாள், டூரிஸ்ட் எனக்குப் புரியாதா?

அந்த அம்மா இரண்டாவது சிப்பியில் திருப்புளியை வைத்தாள். நான்தான் சொன்னேனே, அந்தப் பசை விடாது. அவள் பலசாலி. அழுத்தினாள். சிப்பி வரவில்லை, மரம் வந்தது. சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தொழில்காரனுக்குத் தெரியும், நார் ஓட்டத்தோடு மரம் விரிசல் விடுகிற சத்தம். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் விட்டுவிட்டது.

நான் அங்கே இல்லை சார், அப்போது. அவள் இரண்டாவதில் திருப்புளியை வைத்ததுமே உள்ளே போய்விட்டேன். சத்தம் ஸ்டோருக்கே கேட்டது. போல்ட் எண்ணப் போயிருந்தேன். மாதக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது, ஆனாலும் முன்னாலேயே எண்ணி வைப்பது நல்லதுதானே? எட்டு மில்லி போல்ட் அறுநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு தடவை எண்ணினேன். பெண்கள் அழுகிற இடத்தில் எனக்கு நிற்க வராது. கூச்ச சுபாவம். வெளியில் ஒரு பாட்டு மாதிரி வந்துகொண்டிருந்தது, அந்த அம்மா பாடினாளா அழுதாளா தெரியவில்லை. அது ஓயட்டும் என்று நட்டையும் எண்ணினேன்.

ஓய்ந்த பிறகு வந்து பார்த்தேன். தரையில் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுபாஷிணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆளா, கஸ்டமர் ஆளா என்று யாருக்கும் தெரியாதபடி. நான் போய் விரிசலை அளந்தேன். முந்நூற்று எண்பத்திரண்டு மில்லி. அளந்து வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் பெரிதாகிவிட்டது என்று பேச்சு வரும். அளக்கும்போது அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டேப்பைத்தான் பார்த்தேன்.

முதலாளி தாளைக் கேட்டார். கொடுத்தேன்.

"பாதியத் திருப்பிப் போட்டது யாரு?"

"படம் சுபாஷிணி போட்டதுங்க. கையெழுத்து இருக்குது, நேரமும் இருக்குது."

அவள் எழுந்தாள். "நான் எழுதி வெச்சனுங்க சார். கேட்டுட்டு ஓட்டச் சொல்லி பென்சில்ல எழுதி வெச்சன். ஆறுக்குட்டி ஐயா பார்த்தாரு. கேளுங்க."

முதலாளி தாளை ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லியே."

"ஐயா, நீங்களே சொல்லுங்கய்யா." என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் என்ன சொல்வது? பென்சில் எழுத்து கணக்கில் சேராது. சேராத ஒன்று இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்று எப்படிச் சொல்வது? "தாள்ல இருக்கறதுதானுங்க" என்றேன். அது பொய்யா? தாளில் இருந்ததுதான் இருந்தது.

"ஆறுக்குட்டியண்ணன் நாப்பத்தாறு வருசமா இருக்கறாரு, இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல" என்றார் முதலாளி. அப்படி ஒரு வார்த்தை அவர் அப்பா காலத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

உடனே அனுப்பவில்லை சார். முதலாளி தங்கமானவர், எச்சரிக்கை கொடுத்து விட்டுவிடத்தான் பார்த்தார். ஆனால் போகும்போது ஹில்டா அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். ஃபைல். மாற்றாத ஃபைல். அவளிடம் இருந்த பிரதி காலேஜ் கம்ப்யூட்டரில் இருந்ததாம், அது அழிந்துவிட்டதாம். சுபாஷிணி ஒரு பென் டிரைவில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டாள். கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தாள், நான் ஜன்னலில் பார்த்தேன். அந்த அம்மாவுடைய ஃபைல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் ஏறிய பிறகு வெளியே போக வேண்டுமென்றால் பாஸ் வேண்டும். பாஸ் இல்லை. சனிக்கிழமை காலையில் முதலாளியிடம் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை. பத்து மணிக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேலை பார்த்ததற்குச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு அதற்குப் பிறகு பதினாறு தடவை வந்திருக்கிறாள். முதலாளி என்னிடம் விட்டுவிட்டார். எழுதத்தான் நினைக்கிறேன். ஆனால் நடத்தை என்கிற இடத்தில் என்ன போடுவது? நல்லது என்று போட்டால் அது பொய். போடாமல் விட்டால் தாள் முழுமையாகாது. முழுமையாகாத தாளில் நான் முத்திரை வைப்பதில்லை. அதனால் நாளைக்கு வா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த முகமா? விரிசல் விட்ட மரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே என்ன செய்தார்களோ. காலேஜ்காரர் ஒருவர் சொன்னார், கார்த்திகையில் படகு இறக்கவில்லையாம். அம்மாக்காரி அதற்கு முன்னாலேயே போய்விட்டாளாம். வயசானவள்தானே. எண்பத்து மூன்று.

நீங்கள் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லையே. உங்களுக்கு வேறு ஏதாவது தெரிய வேண்டுமா?

வேலையா? வேலை நன்றாகச் செய்வாள். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மூன்று வருஷம் பதினொரு மாதத்தில் ஓர் அளவு தப்பியதில்லை. லீவு மொத்தம் ஏழு நாள். அவள் போட்ட படத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு மெஷினுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு குணம்தான். கேட்பாள். இது ஏன், அது ஏன், கஸ்டமரைக் கேட்டுவிடலாமா என்று நின்றுகொள்வாள். மெஷின் அவளுக்காகக் காத்திருக்கும். கேள்வி முடிந்தால்தான் வேலை.

உங்களுக்கு மூன்று ஷிஃப்ட், மெஷின் நிற்கக் கூடாது என்கிறீர்களா? அப்படியானால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஒருவர் வயிற்றில் அடிக்கிறவன் இல்லை. உண்மையை மட்டும் சொன்னேன். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தீர்கள் அல்லவா?

அவள் பெயரை அடித்துவிட்டீர்களா? சரி. உங்கள் இஷ்டம்.

இல்லை சார், இந்தப் பக்கமாகப் போகாதீர்கள். அங்கே கேட்டுக்கு வெளியே நிற்கிறாள் பாருங்கள், புளியமரத்தடியில், நீலச் சுடிதார். இன்றைக்குப் பதினேழாவது தடவை. நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்து வந்திருப்பாள். பின்பக்கம் ஒரு வழி இருக்கிறது, ஸ்டோர் வழியாக, நான் காட்டுகிறேன்.

அடடா, பார்த்துவிட்டாள். இந்த ஜன்னலைப் பார்த்துக் கும்பிடுகிறாள். உங்களையா என்னையா தெரியவில்லை. இரண்டு கையையும் சேர்த்து, அப்படியே நிற்கிறாள்.

நீங்களே பாருங்கள் சார். தப்புச் செய்யாதவள் எதற்குக் கும்பிட வேண்டும்?